சவாரி போகும் செத்த குதிரை

அத்தியாயம் 6

ராஜகோபாலின் குதிரை லாயத்தில் நாலு காலையும் நீட்டிக்கொண்டு கிடந்தது. மாம்பாக்கம் வட்டாரத்தில் முக்கால்வாசி மாப்பிள்ளைகளை மண்டபத்துக்குச் சுமந்து போன வெள்ளைக் குதிரை. கழுத்தில் சாமந்தி மாலை இன்னும் வாடவில்லை. நெற்றியில் ஒரு ரூபாய் காசு அகலத்துக்கு யாரோ முடியை மழித்திருந்தார்கள். வாயோரம் காய்ந்த நுரையில் ஈ மொய்த்தது.

"கல்யாணத்துக்குப் போய்ப் போய் மாப்பிள்ளை மாதிரியே ஆயிடுச்சு அக்கா. மாலை விழுந்த பிறகு அசைவே இல்ல" என்றேன்.

சாராள் அக்கா திரும்பிப் பார்த்தார். வாயை மூடு என்பதை அவர் கண்ணாலேயே சொல்லிவிடுவார்.

நான் சம்பத். இரும்புலியூரில் ஒரு பேட்டரிக் கடைக்கு மேலே அக்காவின் துப்பறியும் அலுவலகம் இருக்கிறது. அங்கே எனக்கு மூன்று வேலை. பைக் ஓட்டுவது, டீ வாங்குவது, அக்கா யோசிக்கும்போது சும்மா இருப்பது. மூன்றாவது மட்டும் இன்றுவரை எனக்கு வரவில்லை. அக்கா ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்கு பிடிக்கிற வேலையில் இருந்தவர். ஒரே மாட்டை நாலு முறை சாகடித்துப் பணம் கேட்டவர்களை எல்லாம் பார்த்தவர். இருந்தும் இன்று அவர் முகம் வெளுத்திருந்தது.

காரணம் இருந்தது. போன வாரம் படப்பையில் ஒரு குதிரை இதே மாதிரி செத்தது. அதன் நெற்றியிலும் இதே மழிப்பு. இரண்டு குதிரைகளையும் தேடிக் கண்டுபிடித்தவர்கள் நாங்கள்தான்.

"எப்ப செத்துச்சு?" என்று அக்கா கேட்டார்.

"தெரியலம்மா. ராத்திரி நான் இன்னொரு குதிரையோட வேலூர்ல ஒரு ஊர்வலத்துல இருந்தேன்" என்றார் ராஜகோபால். கண் வீங்கியிருந்தது. "மாலை யாரு போட்டது, முடி யாரு வழிச்சது, ஒண்ணும் புரியல. தொட்டியில பாருங்க, நான் வெக்காத தீனி கிடக்குது."

அக்கா தொட்டியில் கை விட்டு ஒரு பிடி எடுத்து முகர்ந்தார். தவிடு, வெல்லம். நடுவே காய்ந்த இலைத் தூள். ஒரு துணுக்கை நகத்தால் கிள்ளிப் பார்த்துவிட்டுக் கையைத் துணியில் நன்றாகத் துடைத்தார்.

"அரளி" என்றார்.

வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் பைக்கை ஓரம் கட்டி நாங்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது தேவதர்ஷினியின் போன் வந்தது. தாம்பரத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் மரபணு பார்க்கிற பெண் அவர். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்கிறேன். சிங்கப்பெருமாள் கோவிலில் சம்பந்தம் என்று ஒரு பெரியவர். பரம்பரை விவசாயக் குடும்பம். நிலத்தில் பாதியைத் தொழிற்சாலைக்குக் கொடுத்துவிட்டு மீதியில் தென்னந்தோப்பும் குதிரைப் பண்ணையுமாக இருந்தார்கள். பண்ணை மகன் சூர்யாவின் ஆசை. சூறாவளி என்று ஒரு நாட்டுக்குதிரை வைத்திருந்தான். அதன் முன்னோர் கப்பலில் வந்த அரபிக் குதிரையா, குஜராத்தின் கத்தியவார் பக்கத்துக் குதிரையா, இல்லை பாளையக்காரர் காலத்திலிருந்து இங்கேயே இருந்த தனி இனமா என்று தெரிந்துகொள்ள அவனுக்கு ஒரு வெறி. அதற்காக அதன் பிடரி முடியைத் தேவதர்ஷினிக்கு அனுப்பினான். முடிவு வருவதற்குள் அதே குதிரை அவனைத் தள்ளிவிட்டது. விழுந்த இடத்திலேயே உயிர் போனது. அன்றைக்கே சூறாவளியும் செத்ததாகவும் தோப்பிலேயே புதைத்ததாகவும் சம்பந்தம் சொன்னார்.

"என் பையன் ஆரம்பிச்சது பாதியில நிக்கக் கூடாதும்மா. அந்தக் குதிரையோட சொந்தபந்தம் எங்கெங்க இருக்குதுன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. ஒவ்வொண்ணையும் நான் நேர்ல போய்ப் பாக்கணும்" என்று எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். பெற்றவர் மனசு அப்படித்தான் என்று நினைத்தேன்.

தேவதர்ஷினியின் மாணவர்கள் கடற்கரை, கல்யாண மண்டபம் என்று கண்ட இடத்தில் எல்லாம் குதிரை முடி சேகரித்திருந்தார்கள். எது சொந்தம் என்று அவர் சொல்வார். கைமாறிக் கைமாறி அது இப்போது யாரிடம் இருக்கிறது என்று நாங்கள் கண்டுபிடிப்போம். முதலில் படப்பை, பிறகு மாம்பாக்கம். மூன்றாவதாகக் கோவளத்தில் ஒரு குதிரையை நேற்றுதான் போனிலேயே விசாரித்து முடித்திருந்தேன்.

"மேடம், ஒரு கன்ஃப்யூஷன்" என்றார் தேவதர்ஷினி. "அம்மா வழி டிஎன்ஏன்னு ஒண்ணு இருக்கு. அது அம்மாகிட்ட இருந்து குட்டிக்கு அப்படியே வரும். அப்பாவுக்கு அதுல பங்கே கிடையாது."

"எங்க வீட்டுல திட்டு விழுறதும் அதே வழிதான்" என்றேன்.

"சம்பத் சார், ப்ளீஸ். அந்த வழியிலதான் படப்பையும் மாம்பாக்கமும் சூறாவளிக்குச் சொந்தம்னு சொன்னேன். பெரியம்மா பிள்ளைங்க மாதிரி. கோவளமும் அதே வழிதான். ஆனா நேத்து முழு ப்ரொஃபைலும் ஓட்டிப் பாத்தேன். சொந்தம் இல்ல மேடம்."

"பின்ன?"

"அதேதான். சூறாவளியும் கோவளம் குதிரையும் ஒரே குதிரை."

அக்கா தண்ணீர் பாட்டிலை மூடினார். "கோவளத்துல எப்ப முடி எடுத்தீங்க?"

"போன மாசம்."

"சூறாவளி செத்து எட்டு மாசம் ஆகுதும்மா."

"அதான் மேடம் எனக்கும் புரியல. மூணு தடவை ரிபீட் பண்ணிட்டேன்."

மேகம் கருத்துக்கொண்டு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பட்டப்பகலில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. "அக்கா, செத்த குதிரை பீச்சுல குழந்தைங்களை ஏத்திக்கிட்டு சவாரி போகுதுன்னு சொல்றாங்களா?"

அக்கா என்னைக் கவனிக்கவில்லை. "தேவதர்ஷினி, அந்த முடி ஆண் குதிரையோடதா, பெண் குதிரையோடதா?"

"பெண். ரெண்டு சாம்பிளுமே பெண். ரிப்போர்ட்ல முதல் வரியே அதுதான். ஏன் மேடம்?"

"நீங்க சூறாவளியைப் பாத்திருக்கீங்களா?"

"இல்ல. கவர்ல வந்த முடியைத்தான் பாத்தேன்."

அக்கா போனை வைத்துவிட்டு, அதிலேயே ஒரு படத்தை எடுத்து என் முன்னால் நீட்டினார். சம்பந்தம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த படம். சூறாவளி மேல் சூர்யா சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்ன தெரியுது?"

"குதிரை."

"கீழ பாரு."

கீழே பார்த்தேன். "அக்கா, இது சத்தியமா எவனுக்கும் பெரியம்மா இல்ல."

"வண்டிய எடு" என்றார் அக்கா.

கோவளத்தில் மீன் ஏலம் முடிந்து வெகுநேரமாகியிருந்தது. படகுகளை மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள். கடல் ஈயம் போல நிறம் மாறி உறுமிக்கொண்டிருந்ததால் சவாரிக்கு ஆளே இல்லை. தார்ப்பாய் நிழலில் செம்மண் நிறத்தில் ஒரு பெண் குதிரை நின்றது. அதன் முன்னால் அதன் சொந்தக்காரர் துலுக்காணம். ஊறவைத்த கொள்ளு ஒரு பிடி அள்ளினார். அதில் நாலைந்தை முதலில் தன் வாயில் போட்டு, குதிரையின் முகத்துக்கு நேராக மென்று காட்டினார். அதன் பிறகுதான் அது வாயை நீட்டியது.

"என்னண்ணா, குதிரைக்கு டேஸ்ட் பாத்துப் பரிமாறுறீங்க? உப்பு போதுமா?" என்றேன்.

"மொத வாய் நம்ம துன்னு காட்டணும் சார். அப்பதான் அது நம்பி வாய வெக்கும். நான் வளத்த குதிர அல்லாம் அப்டிதான். சக்தி பாப்பாவுக்குக் கூட அத்தச் சொல்லிக் குடுத்துட்டுதான் வந்தேன்."

"எந்த சக்தி பாப்பா?" அக்காவின் குரல் மெதுவாக வந்தது.

"சூர்யா தம்பி பொண்ணு. சிங்கபெருமா கோயிலு."

மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி செல்வம்மாள் நிமிர்ந்தார். "இவுரு அந்தப் பண்ணையிலதான்மா வேல பாத்துகினு இருந்தாரு. தம்பி பூட்டப்புறம் பெரியவரு தொரத்தி வுட்டுட்டாரு. அன்னிலேந்து சரியா சோறு துன்றதில்ல." அவர் கைகாட்டிய இடத்தில் வீட்டுச் சுவரில் சூர்யாவின் படம் மாலையோடு தொங்கியது. சொந்த மகன் படத்தை மாட்டுகிற இடத்தில் மாட்டியிருந்தார்கள்.

அக்கா குதிரையின் கழுத்தைத் தடவினார். "இது பேரு என்ன?"

"அம்மணி. எங்கூட பண்ணையிலதான் இருந்துச்சு. சவாரிக்கு ஓசரம் இட்டாந்தேன்."

"சூர்யா உங்களைச் சூறாவளியோட முடியைப் பிடுங்கித் தரச் சொன்னாரா?"

துலுக்காணத்தின் கை கொள்ளு வாளியில் அப்படியே நின்றது.

"யார் கையிலயும் சொல்லாதீங்கம்மா. வேரோட முடியப் புடுங்கி, பேரு எழுதி, கவர்ல போட்டு எவுங்கைலயோ குடுன்னா இன்னா அர்த்தம்? செய்வினக்காரன் கேக்கறதும் அத்தானே? தம்பிக்கு உசுரே அந்தக் குதிர. எப்டிம்மா குடுப்பேன்? அம்மணி எல்லையம்மனுக்கு நேந்து வுட்டது. இத்த எந்த வெனையும் தொடாது. அதான் இத்தோட முடியப் புடுங்கி, அந்தப் பேரு எழுதிக் குடுத்தேன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தாம்பரத்து மெஷின் எல்லாம் ராப்பகலாக ஓடி வம்சம் பார்த்தது சூறாவளிக்கு இல்லை, இந்த அம்மணிக்கு. பாளையக்காரர் குதிரை என்று நாங்கள் தூக்கிக்கொண்டு திரிந்த பட்டியல் முழுக்க பீச் சவாரிக் குதிரையின் சித்தி, பெரியம்மா வீட்டு ஆட்கள்.

"சிரிக்காதே" என்றார் அக்கா. "படப்பை விலாசத்தை நாம யாருக்குக் குடுத்தோம்?"

"சம்பந்தம் ஐயாவுக்கு."

"மாம்பாக்கம்?"

"அவருக்குத்தான்."

"தேவதர்ஷினிக்கு?"

"அவங்களுக்கு எந்த ஊர்னு மட்டும்தான் தெரியும். யார் வீடு, எந்தத் தெருன்னு..." நேரில் போய்ப் பார்க்கணும் என்று அந்த மனிதர் அழுதது காதில் கேட்டது. மாலையும் தவிடும் கண் முன்னால் வந்தன. கொல்கிறவனைக் குதிரையிடம் கூட்டிப்போய் விட்டவன் நான்தான்.

"கோவளம் விலாசம்?"

"காலையிலயே வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன் அக்கா. லொகேஷனோட."

அக்கா பதில் சொல்வதற்குள் மணலுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது.

சம்பந்தம் இறங்கினார். சலவை வேட்டி, ஒரு கையில் சாமந்தி மாலை. டிக்கியைத் திறந்து சின்ன மூட்டை ஒன்றைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். எங்களைப் பார்த்ததும் நடை ஒரு கணம் தடுமாறியது, பிறகு சிரித்தார்.

"நீங்களும் வந்துட்டீங்களாம்மா? நல்லது. துலுக்காணம், நல்லா இருக்கியா?"

துலுக்காணம் துண்டை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு ஓடினார். துரத்திவிட்ட முதலாளி தேடி வந்த சந்தோஷம் அவர் முகத்தில் வழிந்தது. "அய்யா! வாங்கய்யா! சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்துருப்பேனே!"

சம்பந்தம் மாலையை அம்மணியின் கழுத்தில் போட்டார். அதன் நெற்றி முடியை ஒதுக்கி, விரலால் வட்டம் போட்டுத் தடவித் தடவி எதையோ தேடினார். "முடி மறைக்குது. வழிச்சாத்தான் தெரியும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு மூட்டையை அவிழ்த்தார். வெல்ல வாசனை காற்றில் அடித்தது.

"உன் குதிரைக்குத்தான் கொண்டாந்தேன். வை."

"மவராசன்யா நீங்க" என்று துலுக்காணம் ஒரு பிடி அள்ளினார். பழக்கம் எங்கே போகும்? முதல் வாய்க்காகக் கை அவர் வாய்க்குப் போனது. சம்பந்தத்தின் கை பாதி தூரம் எழுந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. அதை நான் பார்த்தேன். இன்னும் மறக்க முடியவில்லை.

அக்கா தன் கைப்பையாலேயே துலுக்காணத்தின் மணிக்கட்டில் ஓங்கி அடித்தார். தவிடு மணலில் சிதறியது.

"அய்ய, இன்னாம்மா..."

"மூட்டையில என்னங்கய்யா?" என்று அக்கா சம்பந்தத்தைக் கேட்டார்.

"தவிடும் வெல்லமும்மா."

"அப்ப மொத வாய் நீங்க சாப்பிடுங்க."

செல்வம்மாள் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். சம்பந்தம் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அந்தச் சலவை வேட்டியோடு ஈர மணலில் உட்கார்ந்தார்.

"பாடைச்சுழிம்மா" என்றார். "சூறாவளிக்கு நெத்தியில பாடைச்சுழி. வீட்டுல பாடை கட்ட வைக்கிற சுழி. வாங்காதடான்னு சொன்னேன். சுழின்னு ஒண்ணும் கிடையாதுப்பா, எல்லாம் ஜீன்தான்னு சயின்ஸ் பேசினான். சரிடா மகனே, உன் சயின்ஸை வெச்சே தேடுறேன்னு தேடினேன். என் பையனைக் கொன்ன ரத்தம் இந்தப் பூமியில ஒரு சொட்டு இருக்கக் கூடாது."

"லாரிக்காரன் ஆரன் அட்சான்யா. குதிர மெரண்டுச்சு. அதுக்கு அது இன்னா பண்ணும்?" துலுக்காணம் அழுதார்.

"படப்பையில செத்ததும் மாம்பாக்கத்துல செத்ததும் அந்த ரத்தமே இல்ல" என்றார் அக்கா. படத்தையும் ரிப்போர்ட்டையும் அவர் முன்னால் நீட்டினார். "சூறாவளி ஆண். இதுல இருக்கிறது பெண். சொந்தம் யாரு, எங்கன்னு தேடின அவசரத்துல நீங்க முதல் வரியைப் படிக்கவே இல்ல. நாங்களும் படிக்கல. இவரு பயந்துபோய் அம்மணி முடியை மாத்திக் குடுத்துட்டாரு. உங்க பையன் பேரைச் சொல்லி ஒரு சம்பந்தமும் இல்லாத ரெண்டு ஜீவனைக் கொன்னுருக்கீங்க."

சம்பந்தம் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, நான் பயந்த கேள்வியைத்தான் கேட்டார்.

"அப்ப அந்த ரத்தம் எங்க இருக்குது?"

செல்வம்மாள் புருஷன் கையைக் கிள்ளியதைப் பார்த்தேன். துலுக்காணம் நிற்கவில்லை. எட்டு மாதம் அடக்கியது பொங்கிவிட்டது.

"உங்க வூட்டுலயே கீதுய்யா! சக்தி பாப்பா வளக்குற குதிரக் குட்டி சூறாவளிக்குப் பொறந்ததுதான். சுழி பாத்து நீங்க வித்துருவீங்கன்னு தம்பி என் கையில மட்டும் சொல்லிச்சு. வெளியூர்ல வாங்கினாந்ததுன்னு உங்க கையில பொய் சொல்லிச்சு. அத்தயும் கொல்லப் போறீங்களா? தம்பி வுட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான்யா!"

சம்பந்தம் பேசியபோது அது வேறு யாரோ பேசுகிற குரலாக இருந்தது.

"அந்தக் குட்டியா? தினம் காலையில நான்தான் தண்ணி காட்டுறேன். நெத்தியைத் தடவிப் பாத்திருக்கேனே. சுழியே இல்லியே." கண்ணில் நீர் இறங்கியது. "அவன் போனப்புறம் புள்ள சிரிக்கவே இல்லம்மா. அந்தக் குட்டிகிட்டதான் சிரிக்கிறா."

அவர் பார்வை மூட்டை மேல் விழுந்தது. அங்கேயே நின்றது. முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் வடிந்ததைப் பார்த்தேன்.

"என்னய்யா?" என்றார் அக்கா.

"ரெண்டு மூட்டை கலக்கினேன். அடுத்த விலாசம் வந்தா வேணும்னு இன்னொண்ணு... லாயத்துல வெச்சிருக்கேன். புள்ள ஸ்கூல் விட்டு வந்து தீனி வெக்கிற நேரம்."

அவர் போனை எடுத்து நம்பரைத் தப்புத் தப்பாக அழுத்தினார். அக்கா வாங்கி, மருமகள் வினிதாவின் நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்த ரத்தம் ஒரு சொட்டு இருக்கக் கூடாது என்றவர், "எடும்மா, எடும்மா, சிங்கப்பெருமாளே, அதுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது" என்று மணலில் கையை அறைந்துகொண்டிருந்தார்.

எடுத்தது குழந்தை.

"தாத்தா! அம்மா துணி எடுக்க மாடிக்குப் போயிருக்காங்க. குட்டிக்குத் தீனி வெச்சிட்டேனே!"

"எந்த மூட்டைடா கண்ணு?"

"புதுசு. வெல்ல வாசம் வருதே, அது."

"தின்னுச்சா? குட்டி தின்னுச்சா?" என்று சம்பந்தம் அலறினார்.

"இல்ல தாத்தா. மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது. எவ்ளோ சொன்னாலும் தின்னல." சம்பந்தம் கையெடுத்துக் கும்பிட்டார். வாழ்க்கையில் அப்படி ஒரு நிம்மதியை நான் யார் முகத்திலும் பார்த்ததில்லை. குழந்தை பேசிக்கொண்டே போனது. "அதான் துலுக்காணம் அண்ணா சொல்லிக் குடுத்த மாதிரி..."

துலுக்காணம் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். நான் அதற்குள் 108-ஐ அழைத்துவிட்டேன். அக்கா போனுக்குள் கத்தினார். "சக்தி, வாயில இருக்கிறதைத் துப்பு! அம்மாவைக் கூப்பிடு! ஓடு!"

ஓடுகிற சின்னக் கால்களின் சத்தம் கேட்டது. மூச்சு வாங்க, பயமே இல்லாத குரலில் அது தன் தாத்தாவைக் கேட்டது.

"தாத்தா, வெல்லம் போட்டும் ஏன் கசக்குது?"